ராஜா திரும்பி வரும் காட்சி

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த வருஷம் தென்காசிக்குள் நான் நடந்த நடையை நீளவாக்கில் போட்டிருந்தால் மறுபடியும் ஜம்முவுக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். விடிவதற்கு முன்னாலேயே விழிப்பு வந்துவிடும். ஷூவை மாட்டிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் போவேன், அங்கிருந்து ஆற்றுப் பாலம், திரும்பும்போது பெரிய கோயில் வாசல். அந்த வாசலில் காற்று ஆளைப் பிடித்துத் தள்ளும். அதை எதிர்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றால் ஏதோ வேலை செய்த திருப்தி கிடைக்கும். வீட்டுக்கு வந்து கடிகாரத்தைப் பார்த்தால் ஏழுகூட ஆகியிருக்காது. மிச்சப் பகல் அப்படியே கிடக்கும்.

என் மனைவிக்கோ பகல் போதாது. வீரகேரளம்புதூரில் ஒரு வங்கியில் அவளுக்கு வேலை. காலையில் சமைத்து வைத்துவிட்டு, எங்கள் நகரில் இருக்கிற இன்னும் இரண்டு பெண்களோடு ஷேர் ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டு போய், அங்கிருந்து பஸ் பிடிப்பாள். நான் வந்த புதிதில் ஆசை ஆசையாகப் பைக்கைத் துடைத்து வைத்து அவளைக் கொண்டுபோய் விட்டேன். ஒரு வாரம்கூட ஓடவில்லை.

“ஏங்க, நான் ஆட்டோவுலயே போயிக்கிடுதேன். அவளுவ கூடப் பேசிச் சிரிச்சிக்கிட்டுப் போனாத்தான் எனக்கு அன்னைக்குச் சோலி ஓடும்” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கோபம். ஏசியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அன்றைக்கு அந்தப் பைக்கை மறுபடியும் ஒரு தடவை துடைத்தேன்.

இருபது வருஷத்துக்கு மேலாக லீவில் வந்து போனவன் நான். லீவில் வந்தால் மீன் குழம்பு, புது லுங்கி, பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் என்று ஒரே உபசாரம். ஓய்வு பெற்று வந்தபோதும் அந்த உபசாரம் ஒரு மாசம் ஓடியது. அப்புறம் தீர்ந்துவிட்டது. மகன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறான். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். பால்காரர், தண்ணீர் மோட்டார், சனிக்கிழமை நகர் நலச் சங்கக் கூட்டம், ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பது என்று எல்லாமே என்னைக் கேட்காமல் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தன. நான் எங்கே உட்கார்ந்தாலும் யாரோ எழுந்திருக்கச் சொல்லப் போகிறார்கள் என்று இருக்கும். எழுந்து வாசலுக்குப் போவேன். வாசலில் என்ன இருக்கிறது? திரும்பி உள்ளே வருவேன்.

“தரை தேயுது” என்பாள் அவள்.

வைகாசிக் கடைசியில் புனேயிலிருந்து ஒரு போன் வந்தது. என்னோடு ஒரே யூனிட்டில் இருந்தவன், எனக்கு முன்னால் ஓய்வு பெற்றுப் போனவன். அவன் இருக்கிற கம்பெனியில் பெரிய கிடங்கு ஒன்றுக்குக் காவல் மேற்பார்வைக்கு ஆள் வேண்டுமாம். தங்க இடம் உண்டு, மெஸ் உண்டு. “ஆனி முடியிறதுக்குள்ள சொல்லு, அதுவரைக்கும் யாருக்கும் கொடுக்காம வச்சிருக்கேன்” என்றான். அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை. சாயங்காலம் அவள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன்.

“உங்க இஷ்டம்” என்றாள்.

பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துக் கழுவப் போட்டாள். இந்த ‘உங்க இஷ்டம்’ என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. இருங்கள் என்றால் இருந்துவிடுவேன். போங்கள் என்றால் மூட்டை கட்டிவிடுவேன். இருபது வருஷமாக உத்தரவுக்குப் பழகியவனுக்கு இரண்டில் ஒன்று வேண்டும். எனக்கு அந்த வீட்டில் இடம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. அதை அப்படியே கேட்க வாய் வரவில்லை. கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால்?

இந்த நிலைமையில்தான் நாடகம் வந்தது. எங்கள் நகர் நலச் சங்கம் வருஷா வருஷம் ஒரு விழா நடத்தும். பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடும், பெண்கள் கோலப் போட்டி வைப்பார்கள், கடைசியில் இட்லியும் கேசரியும். இந்தத் தடவை ஒரு மாறுதலுக்கு ஊர் உண்டான கதையை நாடகமாகப் போட்டால் என்ன என்று கூட்டத்தில் யோசனை சொன்னது என் மனைவி. சொன்னவள் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

கதை எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது. ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள். அவள் எடுத்துக்கொண்டது இது: பாண்டிய ராஜாவுக்குக் காசிக்குப் போய் சாமி கும்பிடவேண்டும் என்று தீராத தவிப்பு. ராணியிடம் விடைபெற்றுக் கிளம்பிவிடுகிறார். வழியில் தங்கின இடத்தில் சாமி கனவில் வருகிறார். அவ்வளவு தூரம் எதற்கு, நான் இங்கேயே ஆற்றங்கரையில் செண்பக வனத்தில்தான் இருக்கிறேன், எறும்புகள் சாரையாகப் போகிற வழியே போய்ப் பார் என்கிறார். ராஜா எறும்பின் பின்னால் போகிறார், லிங்கத்தைக் காண்கிறார், அரண்மனைக்குத் திரும்புகிறார், கோயில் கட்டுகிறார். ஊர் உண்டாகிறது. காசிக்குப் போகவேண்டியவர் போகாமல் நின்றதால் ஏற்பட்ட ஊர் இது.

ராஜாவாக மெடிக்கல் ஷாப் அண்ணாச்சி. நல்ல தொந்தியும் மீசையுமாக இருப்பார். ராணியாக பியூட்டி பார்லர் வைத்திருக்கிற அக்கா. மேக்கப் செலவு மிச்சம் என்று கூட்டத்தில் கைதட்டினார்கள். சாமியாக, போலீஸில் இருந்து ஓய்வு பெற்ற ஏட்டையா. அவர் குரலுக்குத் தெருவே எழுந்து நிற்கும். எறும்புகளாகக் கறுப்பு டீ ஷர்ட் போட்ட பிள்ளைகள். எனக்குத் திரைக் கயிறு. கூடவே, ஒத்திகைக்கு ஆட்களைக் கூப்பிட்டுச் சேர்க்கிற பொறுப்பு.

தேதியை ஆனிக் கடைசி ஞாயிறு என்று வைத்தார்கள். அதற்குக் காரணம் ஏட்டையா. “குத்தால சீசன்ல வச்சா கூட்டத்துக்குப் பஞ்சமில்ல. எல்லா வீட்டுலயும் விருந்தாளுக இருப்பாகள்லா” என்றார். எல்லாரும் அதானே என்று தலையை ஆட்டினோம். எங்கள் ஊர்க்காரர்களால் மட்டுமே செய்ய முடிகிற முட்டாள்தனம் அது. விருந்தாளி வந்தால் வீட்டுக்காரன் அவர்களை அருவிக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும், அந்த வீட்டுக்காரன்தான் நம் ராஜா என்பது அங்கிருந்த ஒருத்தர் மூளையிலும் தட்டவில்லை.

சாரல் ஆரம்பித்தது. மலைமேல் மேகம் இறங்கி, வெயிலோடேயே தூறல் விழ ஆரம்பித்தால் எங்கள் ஊரில் எல்லா வீட்டுப் போனும் அடிக்கும். மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் சிவகாசியிலிருந்தும், வருஷம் பூராவும் சத்தம் காட்டாத சொந்தமெல்லாம், “அருவியில தண்ணி எப்படி விழுது?” என்று கேட்கும். அதற்கு, நாங்கள் சனிக்கிழமை வருகிறோம் என்று அர்த்தம். ஒத்திகைக்கு ஆள் கூப்பிடப் போனால் அண்ணாச்சி கடையில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி மச்சினன் குடும்பத்தை ஐந்தருவிக்குக் கூட்டிப் போயிருக்கிறாராம். பார்லர் அக்கா வீட்டு வாசலில் பதினைந்து ஜோடி செருப்பு. அக்கா மாவரைத்துக்கொண்டே, “தம்பி, நான் வசனத்தை ஆட்டுக்கல்லுலயே பாடமாக்கிருதேன், கோச்சிக்காதீங்க” என்றார். ஏட்டையா வீட்டிலோ பூட்டு. பெண் வீட்டாரோடு கேரளா பார்டர் பக்கம் பரோட்டா சாப்பிடப் போய்விட்டார்.

சங்கக் கட்டடத்தில் என் மனைவியும் நானும் பத்து எறும்புகளும்தான். எறும்புகள் ஒன்றையொன்று கிள்ளிக்கொண்டிருந்தன. எனக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை. எங்கள் ஆட்கள் இப்படி ஒரு நாள் அணிவகுப்புக்கு வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கத்தினேன்.

“இது என்ன உங்க பட்டாளமா? சத்தம் போடாம ராஜா வசனத்தை நீங்க சொல்லுங்க. நான் ராணி. கேட்டுப் பாத்தாத்தான் சரியா இருக்கா இல்லையான்னு தெரியும்” என்றாள்.

அப்படித்தான் நான் ராஜாவானேன். பின்வந்த நாட்களிலும் பெரும்பாலும் அதுவே நடந்தது. ஊர் முழுக்க ஈரத் தலையோடு அலைந்துகொண்டிருக்க, மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தக் கட்டடத்தில் நாங்கள் புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே நின்று, இல்லாத ராஜாவுக்கும் ராணிக்குமாகப் பேசிக்கொண்டிருந்தோம். வீட்டில் நாங்கள் அவ்வளவு பேசியது கிடையாது.

விடைபெறுகிற காட்சியில் அவள் முதலில் எழுதியிருந்தது ஒரே அழுகை. ராணி ராஜாவின் காலில் விழுகிறாள், என்னை விட்டுப் பிரிவீர்களோ நாதா என்கிறாள். நான் கம்பீரமாக, “பிரியே, கலங்காதே!” என்றேன். அவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

“சவத்த விடுங்க. இது நல்லாயில்ல.”

“ஏன், நல்லாத்தான இருக்கு?”

“சினிமால பாத்ததை எழுதியிருக்கேன். எந்தப் பொம்பள இப்படிக் கால்ல விழுந்து அழுதா? ராஜாவும் நம்ம ஊருக்காரருதான. எல்லாரும் நம்மள மாதிரியே பேசட்டும்.”

மறுநாள் ராணி அழவில்லை. கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டாள். அதற்கடுத்த நாள் அதுவும் போய்விட்டது. ஒரு வாரத்தில் அந்தக் காட்சி இப்படி ஆகிவிட்டது: ராஜா காசிக்குக் கிளம்புகிறேன் என்கிறார். ராணி, “சரி. போறதுக்கு முன்னால குளத்து மடை உடைஞ்சு கெடக்கு, ஆளுக்குச் சொல்லிட்டுப் போங்க. தானியக் கிடங்குச் சாவி எங்கன வச்சீங்க?” என்கிறாள். இதை அவள் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். சாவி எங்கே என்று எனக்கே ஒரு நிமிஷம் தேடத் தோன்றியது. என் லீவு முடிகிற நாட்களெல்லாம் இப்படித்தான். கேஸ் சிலிண்டர் பதிந்தாயிற்றா, மோட்டார்க்காரரிடம் சொல்லியாயிற்றா என்று கேட்டுக்கொண்டே டிபன் கட்டுவாள். ஸ்டேஷனில் வண்டி நகர்கிறபோது கையசைப்பாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, இவளுக்கு வருத்தமே இல்லையா என்று விருதுநகர் வரைக்கும் யோசித்துக்கொண்டு போவேன்.

“அவளுக்கு ராஜா போறதுல வருத்தமே இல்லையா?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். நாடகத்தைப் பற்றிக் கேட்பது போலத்தான்.

“வருத்தப்பட்டுக்கிட்டே உக்காந்திருந்தா மடையை யாரு அடைப்பா?” என்றாள்.

ஒரு சாயங்காலம் அதிசயமாக அண்ணாச்சியே ஒத்திகைக்கு வந்தார். அவர் மனைவியும் வேடிக்கை பார்க்கக் கூட வந்தார். அண்ணாச்சி மீசையை முறுக்கி, “நான் காசிக்குப் போறேன்!” என்று ஆரம்பித்ததும் அந்த அம்மாள் எழுந்துவிட்டார்.

“விளக்கு வைக்குத நேரத்துல இது என்ன பேச்சு? நாடகமா இருந்தா என்ன, போய்ட்டு வாரேன்னு சொல்லச் சொல்லுங்க. இல்லன்னா அவுக நடிக்க வரமாட்டாக.”

அவருக்காக வசனத்தை மாற்றினோம். அதற்கு ஏட்டையா மறுநாள் வந்து சண்டை பிடித்தார். அந்தக் காலத்தில் காசிக்குப் போனவன் திரும்புவான் என்று யார் கண்டது, போகிறேன் என்றுதான் சொல்லியிருப்பான், சரித்திரத்தைத் திருத்தாதே என்றார். என் மனைவி சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, “திரும்பி வந்துட்டாரே ஏட்டையா. அதுலதான எனக்கு இப்பம் தலைவலி” என்றாள்.

தலைவலி என்னவென்றால், ராஜா திரும்பி வருகிற காட்சிக்கு ராணியின் வசனம் அவளுக்கு வரவில்லை. காசிக்கு என்று அனுப்பிவைத்த மனுஷன் நாலாவது நாள் வாசலில் வந்து நிற்கிறார். இனி எங்கும் போகவில்லை, இங்கேயே இருக்கப் போகிறேன் என்கிறார். ராணி என்ன சொல்வாள்? ஒத்திகையில் அந்த இடம் வந்தால் நான், “ராணி, நான் வந்துவிட்டேன்” என்பேன். அவள் நிற்பாள். என்னைப் பார்ப்பாள். அப்புறம், “சரி, எறும்புகளா, அடுத்த சீனுக்கு வாங்க” என்று பிள்ளைகளைக் கூப்பிடுவாள். தினமும் இப்படியே நடந்தது.

இதற்கிடையே என் அக்கா குடும்பமும் தூத்துக்குடியிலிருந்து வந்து இறங்கிவிட்டது. நானே அவர்களைப் பழைய குற்றாலத்துக்குக் கூட்டிப் போகவேண்டியதாயிற்று. அங்கே படியில் பாதி தூரம் ஏறினால், மேல் முழுக்க எண்ணெய் வழிய, துண்டைக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறார் எங்கள் ராஜா. அவருக்கு நாலு ஆள் பின்னால் ஏட்டையா. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி நின்றிருந்தார்கள். எனக்கு வந்ததே கோபம்! அக்கா பிள்ளைகளை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, இருவரையும் பிடித்து, வரிசை நகர்கிற வரைக்கும் வசனம் சொல்லுங்கள் என்றேன். கனவுக் காட்சியை அங்கேயே நடத்தினோம். ஏட்டையா எண்ணெய் முகத்தோடு, “மகனே, அவ்வளவு தூரம் எதுக்கு?” என்று கர்ஜித்ததும் முன்னால் நின்ற மதுரைக்காரர் ஒருவர் பயந்து வழிவிட்டார். அருவிக்குள் போனபிறகும் அண்ணாச்சி வாயசைத்துக்கொண்டேதான் இருந்தார். தண்ணீர் அடித்த அடியில் ஒன்றும் காதில் விழவில்லை. நானும் தலையைக் கொடுத்தேன். அந்த வருஷத்தில் என் மண்டைக்குள் சத்தம் நின்றது அந்த ஐந்து நிமிஷம்தான். வெளியே வந்து துவட்டும்போதே பழையபடி ஆரம்பித்துவிட்டது.

நாடகத்துக்கு முந்தின வியாழக்கிழமை புனேக்காரன் மறுபடியும் கூப்பிட்டான். திங்கட்கிழமைக்குள் சொல்லாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள் என்றான். அன்றைக்கு ஒத்திகை முடிந்து நாங்கள் நடந்து வந்தோம். சாரல் முகத்தில் அடித்தது. நான் முன்னால் நடந்துவிட்டு, அவள் வருவதற்கு நின்று, மறுபடியும் முன்னால் நடந்தேன். கடைசியில் கேட்டுவிட்டேன்.

“ஏட்டி, நான் போகட்டுமா, இருக்கட்டுமா? ஒரு வார்த்தை சொல்லித் தொலை.”

அவள் நின்றாள். “எங்கிட்ட ஏன் கேக்குதீங்க? போனா போய்ட்டீங்கன்னு நான் இருந்துக்கிடுவேன். அது எனக்குப் பழக்கம்.”

“அப்பம் போகச் சொல்லுத.”

“நான் போகச் சொன்னேனா?”

“இருக்கவும் சொல்லலியே!”

தெருவில் இருந்த ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குடையை விரித்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்துவிட்டாள். குடைக்குள் இரண்டு பேருக்கு இடமிருந்தது. நான் நனைந்துகொண்டே பின்னால் போனேன். அன்றைக்கு ராத்திரி அவள் இட்லி வைத்தாள், நான் சாப்பிட்டேன். எனக்கு வேதனையாக இருந்தது. போய்விடுவதே நல்லது என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை பெட்டியைத் துடைத்துக் காயவைத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். ஒத்திகைக்கு நான் போகவில்லை. அன்றைக்கு எல்லாரும் வந்துவிட்டார்களாம், ராஜா ராணி உட்பட. என் தேவை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குப் பக்கத்தில் மேடை போட்டோம். காற்று சும்மா விடவில்லை. கோபுரம் வரைந்த பின்துணி படபடவென்று அடித்து, கம்பத்தோடு ஒரு தடவை கீழே வந்தது. செங்கல் கட்டி நிறுத்தினேன். கூட்டம் ஏட்டையா சொன்ன மாதிரியே நிறைந்துவிட்டது. பாதிப் பேர் விருந்தாளிகள், பெண்கள் கூந்தலை விரித்துக் காயப்போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். இடப்பக்கம் நான், கையில் கயிறு. வலப்பக்கம் அவள், காதருகில் பேனா செருகியிருந்தது.

அண்ணாச்சி அருமையாகப் பேசினார். விடைபெறுகிற காட்சியில் பார்லர் அக்கா சாவி எங்கே என்று கேட்டதும் பெண்கள் பக்கத்திலிருந்து பெரிய சிரிப்பு எழுந்தது. கனவில் ஏட்டையா வந்தபோது பின்வரிசையில் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எறும்புகளில் ஒன்று வழிதவறி மேடையை விட்டு இறங்கி அம்மாவிடம் போய்விட்டது. அதற்கும் கைதட்டல். எனக்கு எதிலும் மனசு இல்லை. மறுநாள் டிக்கெட் எடுக்கவேண்டும், மகனுக்குச் சொல்லவேண்டும் என்று ஓடிக்கொண்டிருந்தது.

ராஜா திரும்பி வருகிற காட்சி வந்தது. அண்ணாச்சி வாசலில் நின்று, “ராணி, நான் வந்துட்டேன். இனி எங்கயும் போகல” என்றார். நான் எதிர்ப்பக்கம் பார்த்தேன். என் மனைவி மேடையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு நீங்க இல்லாம இருக்கத் தெரியும்” என்றார் அக்கா. “நல்லாவே தெரியும். நீங்க இருக்கும்போது எப்படி இருக்கணும்னு தெரியாது. அதை யாரும் எனக்குச் சொல்லித் தரல. நான் ஏசுவேன். மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிடுவேன். அதுக்காக மறுபடியும் கிளம்பிராதீங்க. நான் கத்துக்கிடுத வரைக்கும் பொறுத்துக்கிடணும்.”

கூட்டத்தில் யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். “நல்லாக் கேளு தாயி!” என்று ஒரு குரல் வந்தது. அண்ணாச்சி அப்படியே நின்றார். அவருக்கு அதற்கு மேல் வசனம் இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அந்த இடத்தில் நான் திரையை விடவேண்டும். எனக்குக் கண் மறைத்துவிட்டது. கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றேன். ராஜாவும் ராணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், காற்றில் கிரீடம் ஆடுகிறது, திரை வரவில்லை. கைதட்டல் அதுவாக ஆரம்பித்து அதுவாக ஓய்ந்தது. எதிர்ப்பக்கமிருந்து அவள் கையால் கீழே, கீழே என்று காட்டினாள்.

எல்லாம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்தாள்.

“ஏங்க திரையை விடல?”

“ராஜா ஏதாவது பதில் சொல்லுவாருன்னு பாத்தேன்.”

“ராஜாவுக்கு நான் எழுதல. அது அவரு சோலி” என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த கேசரியை எடுத்துவைக்கப் போனாள்.

திங்கட்கிழமை காலையில் அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போதே புனேக்குப் போன் போட்டேன். அவள் காதில் விழட்டும் என்றுதான் கூடத்தில் நின்று பேசினேன். வரவில்லை என்றேன். நல்ல இடத்தை விடுகிறாயே, அங்கே அப்படி என்ன வேலை கிடைத்துவிட்டது என்று கேட்டான்.

“வீட்டுல புதுசா சேர்ந்திருக்கேன். லீவு கிடைக்காது” என்றேன்.

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வைத்தேன். எந்தப் பனி மலைக்கு அனுப்பினாலும் இத்தனை வருஷம் என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். நாளை எண்ணிக்கொண்டு கிடக்கலாம். இதற்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது. வாசலில் ஷேர் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“சாயங்காலம் ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல வந்து நில்லுங்க. காலையில எனக்கு அவளுவ வேணும்” என்றாள்.

நான் ஐந்து மணிக்கே போய் நின்றுவிட்டேன்.